ஆகாயகங்கையின் கரைகள்

ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது மட்டும் ஒரு வட்டாரத்தின் விளைச்சலை நிர்ணயிப்பதில்லை என்பதையும், அந்தத் தண்ணீர் எந்த வேகத்தில் வந்து, எங்கே தயங்கி, எங்கே திரும்பிப் போகிறது என்பதே அதை நிர்ணயிக்கிறது என்பதையும் காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரிலிருந்து தெற்கு நோக்கி இறங்கும் நதி, பவானியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, ஈரோட்டைக் கடந்து, கிழக்கே திரும்பும் தறுவாயில் ஜேடர்பாளையத்துப் படுகை அணையில் வந்து முட்டுகிறது. அல்லாள இளைய நாயக்கர் காலத்துத் திருப்பணியென்று இவ்வூரார் இன்றும் நன்றியோடு சொல்லும் ராஜா வாய்க்கால் அங்கிருந்து பிரிந்து போய், பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் உயிர் கொடுக்கிறது. அணைக்கு மேலே ஓடுவதும் கீழே ஓடுவதும் அதே காவிரிதான். ஆயினும், குறுக்கே ஒரு தடையும் பக்கத்தில் ஒரு வழியும் இல்லாதிருந்தால், அந்தத் தண்ணீர் கொடிக்காலின் வேரைத் தொடாமலே கடலுக்குப் போயிருக்கும்.

இந்த நியாயம் மண்ணுலகத்துக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் ஆகாயகங்கையென்று பெயரிட்டு அழைத்த பால்வீதியிலும், அதைப்போன்று பிரபஞ்சத்தில் சிதறிக் கிடக்கும் எண்ணிறந்த நட்சத்திர மண்டலங்களிலும், வாயு வெள்ளம் ஒன்று ஓயாமல் சுழன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வாயுவே குளிர்ந்து, திரண்டு, நட்சத்திரங்களாக விளைகிறது. வாயு மிகுந்த மண்டலத்தில் நட்சத்திரங்களும் மிகுதியாகப் பிறக்கும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் வானசாஸ்திரிகள் அண்மைக் காலத்தில் கண்டிருப்பது சற்று வேறானது. மண்டலத்தின் வடிவம், அதாவது அது தட்டையா உருண்டையா, அதற்குச் சுருள் கரங்கள் உண்டா, நடுவில் குறுக்குச் சட்டம் ஒன்று கிடக்கிறதா என்பவையெல்லாம், வாயு எங்கே சேர வேண்டும், எங்கே சேரக்கூடாது என்பதை அணையும் மதகும்போல் இருந்து தீர்மானிக்கின்றன.

விளைநிலத்தை முதலில் பார்ப்போம். நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள வெளி, பார்வைக்குச் சூனியமாகத் தோன்றினாலும், உண்மையில் சூனியமன்று. அங்கே பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயுவும், அதனோடு புகைத்துகள் போன்ற நுண்ணிய தூசியும் பரவியிருக்கின்றன. இந்த வாயு ஓரிடத்தில் நெருங்கித் திரளும்போது, அதிலுள்ள தூசி, வெளியிலிருந்து வரும் நட்சத்திர ஒளியைப் பந்தல்போல் நின்று மறைக்கிறது. அந்த நிழலில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாய் இணைந்து மூலக்கூறுகளாகின்றன. கொடிக்காலுக்கு அகத்தி நிழல் எப்படியோ, அப்படித்தான் மூலக்கூறுகளுக்கு இந்தத் தூசி நிழல். இவ்விதம் உண்டாவதே மூலக்கூறு மேகம். அதன் உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 250, 260 டிகிரி சென்டிகிரேடு குளிர் நிலவுகிறது. பெரிய மேகமொன்று நூறு ஒளியாண்டுக்கும் மேற்பட்ட அகலமுடையதாய், சில ஆயிரம் சூரியன்களிலிருந்து 10 லட்சம் சூரியன்கள் வரையிலான எடையைத் தன்னுள் அடக்கியிருக்கும்.

இத்தகைய குளிரில் ஹைட்ரஜன் மூலக்கூறு அநேகமாக எந்தக் கதிரையும் வெளியிடுவதில்லையாதலால், இந்த மேகங்கள் நெடுங்காலம் மனிதரின் கண்ணுக்குத் தப்பியே இருந்தன. 1970ஆம் ஆண்டில் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்ஸியாஸ் ஆகிய மூவரும், நம்முடைய திருவாதிரை நட்சத்திரம் இடம்பெற்றிருக்கும் ஓரியன் கூட்டத்தில், கார்பன் மோனாக்ஸைடு மூலக்கூறு வெளியிடும் 2.6 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலையைக் கண்டுபிடித்தார்கள். ஹைட்ரஜன் இருக்குமிடத்தில் இந்தக் கார்பன் மோனாக்ஸைடும் சிறிதளவு கலந்திருப்பதால், மண்ணுக்கடியில் ஓடும் ஊற்றை மேலே வளர்ந்திருக்கும் பச்சையைக் கொண்டு கண்டுகொள்வதுபோல், இதைக் கொண்டு மறைந்திருக்கும் மேகத்தைக் கண்டுகொள்ளும் வித்தை அன்று கைவந்தது.

வித்தை கைவந்ததும் ஒரு புதிரும் கூடவே வந்தது. நம்முடைய பால்வீதியில் மட்டும் ஏறத்தாழ 100 கோடி சூரியன்களின் எடைக்குச் சமமான மூலக்கூறு வாயு இருக்கிறது. தன் ஆகர்ஷண சக்தியினாலேயே இந்த வாயு தடையின்றிச் சரிந்து விழுமானால், சில பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் முழுவதும் நட்சத்திரங்களாகிவிட வேண்டும். அப்படியாயின் ஆண்டொன்றுக்குச் சில நூறு சூரியன்களாவது பிறந்தாக வேண்டும். ஆனால் பால்வீதியில் ஆண்டுக்குப் பிறக்கும் நட்சத்திரங்களின் மொத்த எடை, கணக்கிட்டுப் பார்த்தால், சூரியனைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்குதான். நூறு மூட்டை விதை விதைத்தவன் ஒரு மூட்டை நெல்லோடு வீடு திரும்பினால் நாம் என்ன கேட்போமோ, அதையே வானசாஸ்திரிகளும் கேட்டார்கள். மேகத்தின் உள்ளே ஓயாமல் எழும் கொந்தளிப்பும், காந்த சக்தியும், அங்கே பிறந்த இளம் நட்சத்திரங்களின் உஷ்ணமும் இந்தத் தாமதத்துக்குக் காரணமென்று தெரியவந்தது. இவை மேகத்துக்குள்ளே இருக்கும் காரணங்கள். மேகத்துக்கு வெளியே, அது குடியிருக்கும் மண்டலத்தின் அமைப்பிலேயே இருக்கும் காரணம் ஒன்றும் உண்டென்பது பிறகு தெளிவாயிற்று.

சுருள் மண்டலமென்பது ஒரு பெரிய தட்டு. அந்தத் தட்டு வண்டிச் சக்கரம்போல் ஒரே கட்டாகச் சுற்றுவதில்லை. மையத்துக்கு அருகிலுள்ளவை ஒரு சுற்றை விரைவில் முடிக்க, தொலைவிலுள்ளவை பின்தங்கிவிடுகின்றன. நடு ஆற்றில் நீர் விரைந்தும் கரையோரத்தில் மெதுவாகவும் ஓடும் இடத்தில் ஒரு வைக்கோல் பிரியைத் தளர்வாகப் போட்டால், அதன் ஒரு முனை முன்னே இழுக்கப்பட்டு மறுமுனை பின்தங்கி, பிரியே நீண்டு பிய்ந்துபோகும். தட்டிலுள்ள வாயுத் திரளுக்கும் இதே கதிதான். அதைத் திரட்ட ஆகர்ஷண சக்தி முயல்கிறது. இழுத்துப் பிரிக்கச் சுழற்சி முயல்கிறது. இந்த இரண்டினுள் எது எப்போது வெல்லும் என்பதற்கான கணக்கை 1964இல் ஆலார் டூம்ரே என்பவர் வகுத்துக் கொடுத்தார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சந்தா ஜோக், பிலிப் சாலமனுடன் சேர்ந்து 1984இல் அந்தக் கணக்கை மேலும் ஒரு படி நகர்த்தினார். வாயுவை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் அது கலங்காமல் இருக்கக்கூடும், நட்சத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் அப்படியே. ஆனால் இரண்டும் ஒரே தட்டில் ஒன்றையொன்று ஈர்த்துக்கொண்டு இருக்கும்போது, தனித்தனியே நிலைத்திருந்த அவை கூடி இருக்கையில் நிலைகுலைந்து திரளத் தொடங்கிவிடும் என்பதே அந்த ஆராய்ச்சியின் சாரம். வாயு திரள்வதில் பக்கத்திலிருக்கும் நட்சத்திரங்களுக்கும் பங்குண்டு என்பதை இக்கணக்கு நிலைநாட்டிற்று.

இனி, சுருள் கரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். படங்களில் அழகாகத் தோன்றும் அந்தக் கரங்கள், ஒரே நட்சத்திரங்கள் என்றென்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் கிளைகளாக இருந்தால், உட்புறம் விரைந்தும் வெளிப்புறம் மெதுவாகவும் சுற்றும் சுழற்சியில், சில சுற்றுகளுக்குள் அவை நூற்கண்டுபோல் இறுகிச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வாறு நேராததற்கு லின், ஷூ என்ற இருவரும் 1964இல் ஒரு சமாதானம் கூறினார்கள். ஜேடர்பாளையத்து அணையடியில் பத்து நிமிஷம் நின்று பார்த்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். அணையைத் தாண்டி விழும் தண்ணீர் அடியில் நுரைத்து எழுந்து ஒரு வெள்ளை வரியாக நிற்கிறது. அந்த வரி நேற்றும் அங்கேதான் இருந்தது, நாளையும் அங்கேதான் இருக்கும். ஆனால் அதிலுள்ள தண்ணீர் கணத்துக்குக் கணம் புதியது. சுருள் கரமும் இப்படிப்பட்ட ஓர் அலைதான். வாயு அதற்குள் புகுகிறது, அங்கே நெருக்குண்டு அடர்கிறது, பிறகு மறுபுறம் வெளியேறிவிடுகிறது. அந்த நெருக்கடியில்தான் சிறு மேகங்கள் கூடிப் பெருமேகங்களாகின்றன.

சுழல் மண்டலமென்று பெயர்பெற்ற மெஸ்ஸியே 51ஐப் பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலையிலுள்ள ரேடியோ தூரதரிசினிகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், கரங்களுக்குள் இருக்கும் மேகங்கள் கனத்தவையாகவும், கரங்களுக்கு இடைப்பட்ட வெளியில் இருப்பவை இலேசானவையாகவும் இருப்பதைக் கண்டார்கள். ஆயினும் கரத்தின் எல்லாப் பகுதியும் ஒரே சீராக விளைவதில்லை. வாயு அடர்ந்து கிடந்தும் நட்சத்திரம் அதிகம் பிறக்காத துண்டுகளும் அதே கரத்தில் உண்டு. அவ்விடங்களில் வாயு கரத்தின் போக்கிலேயே விரைந்து வழுக்கிச் செல்வதால், மேகங்கள் சரிந்து விழுவதற்கு வேண்டிய அமைதி கிடைப்பதில்லை என்று அவர்கள் காரணம் காட்டினார்கள். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடினாலும், ஓட்டம் கடுமையாக இருக்குமிடத்தில் வண்டல் படியாது அல்லவா?

வடிவத்தின் அதிகாரம் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் வேறொன்று; அதைக் கண்டவர்களும் நம் நாட்டினரே. பங்குனி மாதக் கடைசியில், இரவு பத்து மணி அளவில், ஜேடர்பாளையத்துக் கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குச் சிம்மராசி தலைக்கு மேலே நிற்கும். மக நட்சத்திரத்துக்குக் கிழக்கே சற்றுத் தள்ளி, ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே, வெறுங்கண்ணுக்குப் புலனாகாத ஒரு மண்டலம் அப்போது கடந்து போகிறது. 1781இல் பியர் மெஷேன் கண்டுபிடித்த அதற்கு மெஸ்ஸியே 95 என்று பெயர். இங்கிருந்து 3 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ளது. அதன் நடுவே, நட்சத்திரங்களாலான நீண்ட சட்டமொன்று, கதவுக்குப் பின்னால் போட்ட கணையமரம்போல் குறுக்கே கிடக்கிறது. சட்டத்தின் மையத்தில் ஒரு சிறு வளையமும், சட்டத்தின் இரு முனைகளையும் தொட்டுக்கொண்டு ஒரு பெரிய வளையமும் இருக்கின்றன.

   பெரிய நட்சத்திரங்கள் பிறந்த புதிதில் மிகுந்த உஷ்ணத்தோடு புற ஊதாக் கதிரைப் பொழிந்துவிட்டுச் சீக்கிரமே மடிந்துபோகின்றன; ஆகையால் புற ஊதா ஒளியில் ஒரு மண்டலத்தைப் பார்ப்பது, அண்மையில் எங்கெங்கே பிரசவம் நடந்தது என்று பார்ப்பதற்கு ஒப்பாகும்.

கோஷி ஜார்ஜ், அன்னபூரணி சுப்பிரமணியம் முதலியோர் அடங்கிய குழு, மெஸ்ஸியே 95இன் புற ஊதாப் படத்தை அதன் ரேடியோ, அகச்சிவப்புப் படங்களோடு ஒப்பிட்டு, 2019இல் தன் முடிவை வெளியிட்டது. மையத்துச் சிறு வளையத்தில் புதிய நட்சத்திரங்கள் சுடர்விடுகின்றன; வெளியேயுள்ள பெரிய வளையத்திலும் சுடர்விடுகின்றன; ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே, சட்டம் ஆட்சிசெய்யும் அந்தப் பரந்த பிரதேசத்தில், சில பத்துக் கோடி ஆண்டுகளாகச் சொல்லத்தக்க பிறப்பு எதுவும் நிகழ்ந்த அடையாளமில்லை. இருக்கின்றவை பழைய நட்சத்திரங்களே. அவ்விடத்தில் மேகங்கள் இருந்தும் விளையாமல் போயினவா என்று பார்த்தால், அங்கே அணு ஹைட்ரஜனும் இல்லை, மூலக்கூறு ஹைட்ரஜனும் இல்லை. வாயுவே வழித்தெடுக்கப்பட்டதுபோல் வெறுமையாகக் கிடக்கிறது.

எங்கே போயிற்று அந்த வாயு? சட்டத்தினுள் நுழையும் நட்சத்திரங்கள், ஒன்றுக்கொன்று பெருந்தொலைவில் இருப்பதால், மோதிக்கொள்ளாமல் ஊடுருவிச் சென்றுவிடும். வாயுவினால் அது முடியாது. சட்டத்தின் ஓரமாக வாயுவும் வாயுவும் மோதுகின்றன. மோதலில் தன் சுழல் வேகத்தை இழந்த வாயு, சுற்றிவரும் திராணியற்று, மையத்தை நோக்கிச் சரிகிறது. வடிகாலின் கதவைத் திறந்துவிட்டதும் வயலில் தேங்கியிருந்த நீரெல்லாம் ஒரே வாய்க்காலில் வடிந்துபோவதைப்போல், சட்டம் தன் எல்லைக்குள்ளிருந்த வாயுவை மையத்துக்கு வடித்துவிட்டதென்று அக்குழுவினர் கருதினார்கள். மையத்து வளையத்தின் செழிப்பும் இடைவெளியின் வறட்சியும் ஒரே செயலின் இரு பலன்கள்.

நமது பால்வீதியும் சட்டமுள்ள மண்டலந்தான். இங்கும் சட்டத்தின் வழியாக மையத்துக்கு வந்துசேர்ந்த மூலக்கூறு வாயு, சில கோடி சூரியன்களின் எடைக்குக் குவிந்து கிடக்கிறது. ஆனால் ஓர் ஆச்சரியம்: அவ்வளவு அடர்த்தியான வாயுவிலிருந்து பிறக்க வேண்டியதாகக் கணக்கிட்ட நட்சத்திரங்களில் பத்தில் ஒரு பங்குதான் அங்கே பிறக்கிறது. வந்து விழும் வாயுவின் கொந்தளிப்பும், மையத்தின் கடுஞ்சுழற்சி இழுத்துப் பிரிக்கும் பிரிப்பும் அதற்குக் காரணமாகலாம். வடிவம் வாயுவைக் கொண்டுவந்து சேர்க்கலாம். சேர்த்த வாயுவை உடனே விளையவிட வேண்டுமென்ற நிர்ப்பந்தம் அதற்கில்லை. சிலி தேசத்து ஆல்மா தூரதரிசினியால் 90 அண்டை மண்டலங்களைப் படமெடுத்து, ஏறத்தாழ ஒரு லட்சம் மேகங்களைக் கணக்கெடுத்தவர்களும் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள். எங்கும் மேகம் ஒன்றுபோலவே இருக்கும் என்ற பழைய எண்ணம் செல்லாது. மையத்திலும் சட்டத்திலும் உள்ள மேகங்கள் வெளித்தட்டிலுள்ளவற்றைவிட அடர்த்தியும் கொந்தளிப்பும் மிகுந்தவை. குடியிருக்கும் தெருவைப் பொறுத்தே மேகத்தின் குணம் அமைகிறது.

மற்ற வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முட்டைபோல் உருண்டு திரண்ட நீள்வட்ட மண்டலங்களில் வாயு பெரும்பாலும் உஷ்ணமேறிக் கிடப்பதால், மேகம் கூடுவது அபூர்வம். அஸ்த நட்சத்திரத்தின் இருப்பிடமான காக்கைக் கூட்டத்தில், சுமார் 6, 7 கோடி ஒளியாண்டுத் தொலைவில், இரண்டு மண்டலங்கள் ஒன்றோடொன்று மோதி வடிவழிந்துகொண்டிருக்கின்றன. பூச்சியின் மீசைபோல் இரண்டு நீண்ட வால்கள் தோன்றுவதால் ஆன்டெனா மண்டலங்கள் என்று அவற்றுக்குப் பெயர். கரை உடைந்த வெள்ளம்போல் வாயு வாயுவோடு மோதி நெருக்குண்ட அவ்விடத்தில், பல லட்சம் சூரியன்களின் எடையுள்ள பெருங்கொத்துகள் பிறந்திருக்கின்றன.

நட்சத்திரங்கள் தனித்துப் பிறப்பதில்லை. ஒரே மேகத்திலிருந்து கொத்தாகவே பிறக்கின்றன என்பதற்கு ஆன்டெனா வரை போகவேண்டியதில்லை. மார்கழி இரவில் நம் முற்றத்துக்கு வந்தால் போதும். ஓரியன் கூட்டத்தின் நடுவே மங்கலாகத் தெரியும் புகைத்திட்டு, சுமார் 1,350 ஒளியாண்டுத் தொலைவில், சில பத்து லட்சம் ஆண்டு வயதுள்ள கொத்தைத் தன்னுள் வைத்திருக்கும் தொட்டில். சற்று மேற்கே தள்ளி, அறுமீனென்று நாம் வணங்கும் கார்த்திகை, 440 ஒளியாண்டுத் தொலைவில், 10 கோடி ஆண்டுகளைக் கடந்த, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் அடங்கிய கொத்து. அதன் மேகம் கலைந்து வெகுகாலமாயிற்று. இரண்டுக்கும் இடையே ரோகிணியைச் சுற்றித் தெரியும் கூட்டம் 60 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்டது; சிவந்த ரோகிணி மட்டும் அக்கூட்டத்தைச் சேராமல், முன்னால் வழியில் நிற்பது. அந்தக் கூட்டம் இப்போதே உதிர்ந்துகொண்டிருக்கிறது. மண்டலத்தின் ஆகர்ஷணமும், கரங்களைக் கடக்கும்போது நேரும் அதிர்ச்சியும், எதிர்ப்படும் பெருமேகங்களின் இழுப்பும் கொத்துகளைச் சிறிது சிறிதாகப் பிரித்துவிடுகின்றன. நமது சூரியனும் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இப்படியொரு கொத்தில்தான் பிறந்திருக்க வேண்டுமென்று கருதுகிறார்கள்; மையத்தை இருபது தடவை சுற்றி வந்ததற்குள் உடன்பிறந்தவர்களெல்லாம் திசைக்கொன்றாய்ப் பிரிந்துவிட்டார்கள்.

இவ்வளவும் சொன்னபின், ஆற்றை வைத்துச் சொன்ன உவமை ஓரிடத்தில் பொருந்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜேடர்பாளையத்தில் தண்ணீர் வேறு, அணை வேறு. அணையைக் கட்டியவர்கள் மனிதர்கள். வானத்தில் அணையைக் கட்டுவோர் எவருமில்லை. மெஸ்ஸியே 95இன் நடுவே கிடக்கும் சட்டம் எதனால் ஆனது? ஒரு காலத்தில் அதே தட்டில் ஓடிய வாயுவிலிருந்து பிறந்த நட்சத்திரங்களால் ஆனது. அந்த நட்சத்திரங்களே ஒன்றுசேர்ந்து சட்டமாகி, தமக்குப்பின் வந்த வாயுவைத் தாம் பிறந்த இடத்தில் தங்கவிடாமல் துரத்தியிருக்கின்றன. முன் போகத்தில் விளைந்த பயிரே அடுத்த போகத்துக்கு வரப்பாக நின்று, எந்த வயலுக்குத் தண்ணீர், எந்த வயல் தரிசு என்று தீர்ப்புச் சொல்வதைப் போன்றது அது. காவிரிக் கரையில் அப்படியொரு பயிரை எவரும் கண்டதில்லை. ஆனால் பங்குனி இரவுதோறும், ராஜா வாய்க்காலில் நீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கையில், அப்படியொரு வயல் நம் தலைக்கு நேர் மேலாக, நம் கண்ணுக்குத் தெரியாமல், கடந்து போகிறது.